மணி அடிக்காத கோலி

ஓட்டுப் போடாமல் வெளியே வருவது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால், அன்சுமானா காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருப்பான்.

அவன் ஊரில் ஓட்டுச் சீட்டு கிடையாது; ஆளுக்கு ஒரு கோலி கொடுப்பார்கள், அதை வேண்டிய வேட்பாளரின் டிரம்மில் போட வேண்டும். மறைப்புக்குப் பின்னால் இரண்டு டிரம். வெள்ளை டிரம்மில் ஹாஜி சீசேவின் படம். அவன் ஓட்டுகிற வேனுக்கு முதலாளி. ஊதா டிரம்மில் சார்ஜோ. அவன் மனைவி நீமாவின் அண்ணன். இரண்டு பேருமே கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாத ஜென்மம், இரண்டு பேருக்கும் கொடுத்துத் தொலைத்திருந்தான். ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்குத் துரோகம். யாருக்குமே போடாவிட்டால் அல்லா கோபிக்க மாட்டார். விரலில் மையை வாங்கிக்கொண்டு கோலியோடு நழுவிவிடலாம் என்று திட்டம்.

மணியை மறந்துவிட்டான் மனுஷன். டிரம்முக்குள் கோலி விழுந்தால் 'டிங்' என்று அடிக்கும். வாசல்வரை கேட்கும்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?" மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரி கேட்டார்.

அன்சுமானா விரலை மடக்கி டிரம்மைத் தட்டினான். 'டொக்.'

"யாருப்பா அது, உள்ளே போய்க் கதவைத் தட்டுறது?" வரிசையில் ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அன்சுமானா கையை இழுத்துக்கொண்டான். வாயைக் குவித்து "டிங்" என்றான்.

"ஐயோ பாவம், மணிக்குத் தொண்டை கட்டிடுச்சு!"

"ஏங்க!" நீமாவின் குரல். "எங்கண்ணனுக்குப் போட இவ்வளவு யோசனையா? நான் பொறந்த வீட்டுக்குப் போகணுமா?"

"எங்க டிரைவர் எங்க ஹாஜிக்குத்தான் போடுவான்!" என்று ஹாஜியின் ஏஜென்ட் கத்தினான்.

கை வெள்ளைப் பக்கம் போனது. நீமா மூட்டை கட்டுவது கண்ணில் தெரிந்தது. ஊதாப் பக்கம் போனது. வேன் சாவி கை நழுவிப் போவது தெரிந்தது.

"கோலி எங்கே? ரெண்டு கையையும் விரிச்சு வெளியே நீட்டு!" என்றார் அதிகாரி.

சட்டென்று கோலியை வாயில் போட்டுக்கொண்டு கைகளை நீட்டினான்.

"கையில இல்ல. அப்ப போட்டுட்டியா? வாயைத் திறந்து சொல்லு!"

"ம்..." என்றவன் பயத்தில் எச்சிலை விழுங்கினான். கோலியும் கூடவே போய்விட்டது.

"இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்பேன். மணி அடிக்கலேன்னா போலீஸ்தான்!"

இனி ஆசைப்பட்டாலும் போட முடியாது. வேலையும் போச்சு, வீடும் போச்சு. டிரம்மைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான்.

'டிங்!'

"அப்பாடா!" என்றார் அதிகாரி. வெளியே நீமா கை தட்டினாள். ஹாஜியின் ஏஜென்ட்டும் கை தட்டினான்.

அன்சுமானா திரும்பினான். பின்ஜன்னலுக்கு வெளியே காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா. கையில் ஒரு சின்ன மணி.

"மன்னிச்சுக்க தம்பி, டீ குடிக்கப் போயிட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "போட முடியாம முழிக்கிறவங்களுக்கெல்லாம் காலையிலேருந்து நான்தான் அடிச்சு விடறேன்."

"என்னை மாதிரி வேற யாரும்மா இருக்காங்க?"

"முதல் ஆளே உங்க மச்சான்தான். அவரும் ஹாஜிக்குப் போடறேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டாராம்!"