அசையாதே அண்ணனும் பாலிக் புலாவ் நட்சத்திரங்களும்

அந்தக் காலப் பினாங்கில் ஆகாயத்தையே அதட்டிய ஒரே மனிதர் எங்கள் ‘அசையாதே அண்ணன்’தான். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். நான் அந்தக் கடை மாடியில் குடியிருந்த கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாரென்றால் “அசையாதீங்க” என்று ஒரு சத்தம் போடுவார். கல்யாண மாப்பிள்ளைகள் மூச்சு விடவே மறந்துபோவார்கள். ஒருவர் மயங்கியே விழுந்தார். அவரைத் தூக்காமல், படம் கெட்டதென்று திட்டினார் அண்ணன்.

அப்பேர்ப்பட்டவரை ஆட்டிவைத்தது நாகப்பட்டினத்துக் கடிதம்தான். ஏழு வருஷமாகக் கூப்பிட்டும் அவர் மனைவி கப்பலேற மறுத்தார். அந்தக் காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். தீவின் மறுபக்கத்தில் இருக்கும் பாலிக் புலாவ் கடற்கரைப் பாறைகளையும், மேலே கொட்டிக் கிடக்கும் நட்சத்திரங்களையும் ஒரே படமாகப் பிடித்து அனுப்புவதென்று அண்ணன் முடிவு கட்டினார்.

“இந்தப் பாறை ஆதம் நபிக்கும் மூத்தது தம்பி. இதப் பாத்தா அவ வந்துருவா பாரு.”

மாட்டு வண்டியில் போனோம். கைவசம் படம் பதிக்கும் கண்ணாடித் தகடுகள் மூன்றே. முதல் தகட்டை ஒரு மீன்காரரின் விளக்கு கெடுத்தது. இரண்டாவதை நான் தும்மி, கேமரா முக்காலியைத் தட்டிவிட்டுக் கெடுத்தேன். அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. மூன்றாவது தகட்டைப் போட்டு, வானத்தைப் பார்த்து “அசையாதீங்க” என்று அதட்டிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கொசுக்களுக்கு விருந்து வைத்தோம்.

கழுவிப் பார்த்தால் பாறை ஜோராக விழுந்திருந்தது. நட்சத்திரங்களோ, ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே கோடு இழுத்திருந்தன. பூமி சுற்றுவதால்தான் என்றேன். “அப்ப பாறை ஏன் கோடு போடல?” என்றார்.

மறுநாள் கப்பல். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார். பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் இஷ்டத்துக்கு அசைந்தார்கள், அண்ணன் அதட்டவே இல்லை. பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

பதில் வந்தபோது பிரிக்கப் பயந்து என்னைப் படிக்கச் சொன்னார்.

“மச்சான், படம் கெடச்சுது. ராத்திரியில இப்புடிக் கோடு கோடா மழ கொட்டுற ஊருல, கொட புடிக்கக்கூட ஆளில்லாம பாறையில போயி நிக்கிறீங்க. மனசு கேக்கல. அடுத்த கப்பல்ல வாறேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட அது மழை இல்லன்னு சொல்லிராத தம்பி” என்றார்.

அந்த அம்மாள் வந்து இறங்கிய அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தேகமாக அண்ணாந்து பார்த்தார். “நேத்துவரைக்கும் நல்ல மழை, அக்கா” என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்த மனுஷனுக்காக அந்தப் பொய்யை இன்னும் நூறு தடவை சொல்வேன்.