நேர்மைக்கு ஒரு சால்வை

"கதை ரொம்ப நல்லா இருக்கு சார். அதான் பிரச்சினை" என்றார் தலைமையாசிரியை ராஜலட்சுமி.

வெங்கட்டுக்குப் புரியவில்லை. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன் அவன். அங்கே சரியில்லாத பீஸைத்தான் ரிஜெக்ட் செய்வார்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் ஒதுக்கி வைத்து அவன் பார்த்ததில்லை.

"நல்லா இருந்தா நல்லதுதானுங்களே மேடம்?"

"ஒம்பதாவது படிக்கிற பொண்ணு இப்படி எழுதுமா? நம்ம ஸ்கூல்ல பாதிப் பேர் வீட்ல தெலுங்கு, மீதிப் பேர் வீட்ல கன்னடம். தமிழ்ல லீவ் லெட்டர் எழுதவே தடுமாறுதுங்க. இதை யாரோ பெரியவங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

பள்ளி மாணவர்களுக்கான இளம் எழுத்தாளர் விருது அது. தேர்வாகும் கதைகள் புத்தகமாக வரும். முதல் பரிசுக் கதையின் பெயரே புத்தகத்துக்கும் பெயர், எழுதிய பிள்ளையின் படம் அட்டையில். அவன் மகள் ஹரிணி 'கதவு' என்று ஒரு கதை எழுதியிருந்தாள். பரிசு அவளுக்குத்தான் என்ற நம்பிக்கையில், அட்டைக்காக இரட்டைச் சடை போட்டு ஸ்டுடியோவில் படம்கூட எடுத்தாகிவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அந்தப் படத்தை வெங்கட் காட்டாத ஆளில்லை.

"அவளே எழுதினதுதாங்க மேடம். சத்தியமா."

"அப்போ ரஃப் காப்பி கொண்டாங்க. அடிச்சுத் திருத்தி எழுதினது இருக்குமில்ல?"

இல்லை. ஹரிணி அடித்துத் திருத்துகிற ரகமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பாள்.

"ஒரு ரஃப் காப்பி எழுதிக் குடு கண்ணு" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"எழுதி முடிச்ச கதைக்கு இப்ப எப்படிப்பா ரஃப் காப்பி எழுதறது? அது பொய் இல்லையா?"

மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை என்பதில் அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மறுநாள் பிளான்ட்டில் டீ பிரேக்கின்போது கதையின் ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே ரஃப் காப்பி தயாரித்தான். நாலு வரி எழுதினான், இரண்டு வரி அடித்தான். மகளுடைய கையெழுத்து மாதிரி இருக்கட்டுமென்று எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். எங்கே அடிக்கலாம் என்று தேடுவதிலேயே மும்முரமாக இருந்ததால், கதை என்ன சொல்கிறது என்பதை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

"இன்னா குரு, டீ குடிக்காம எழுதிகினு இருக்க?" என்றான் பக்கத்து மெஷின் கோவிந்தப்பன்.

வெங்கட் விஷயத்தைச் சொன்னான்.

"உன் பொண்ணு எழுதலையா? எவன் சொன்னான்?" கோவிந்தப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வந்து சொல்றேன் குரு. அந்தப் புள்ள எப்படி எழுதும்னு எனக்குத் தெரியாதா?"

"நீ சும்மா இரு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வெங்கட் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

ராஜலட்சுமி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஏன் சார், உங்க பொண்ணு வீட்ல மெஷின் ஆயில் ஊத்திகிட்டுத்தான் கதை எழுதுவாளா?"

வெங்கட் விரலில் ஒட்டியிருந்த கறையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"இதுவரைக்கும் சந்தேகம்தான் பட்டேன். இப்ப உறுதியாயிடுச்சு. இருந்தாலும் ஒரு சான்ஸ் தர்றேன். நாளைக்கு என் ரூம்ல உட்காந்து 'மரம் வளர்ப்போம்'னு ஒரு கட்டுரை எழுதட்டும்."

மகள் எழுதிவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அதுதான் பயமாக இருந்தது. அங்கேயும் நன்றாக எழுதித் தொலைத்தால், வீட்டில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள் என்பார்களே!

"கண்ணு, பெரியவங்க எழுதின மாதிரி இருக்குன்னுதானே சொல்றாங்க? நாளைக்குச் சின்னப் புள்ளையாட்டம் எழுது. மரம் நிழல் தரும், காய் தரும், அவ்ளோதான். நடுவுல நாலு தப்பு விடு."

"வேணும்னேவா?"

"அப்பா உன் நல்லதுக்குத்தான் சொல்வேன்."

அடுப்படியில் அவன் மனைவி சுஜாதா குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் பிளான்ட்டில் பாதுகாப்பு வாரத்துக்கு நடந்த வாசகப் போட்டியில் வெங்கட்டுக்கு முதல் பரிசாக வந்த குக்கர் அது.

"புள்ளையக் கெட்டதா எழுதச் சொல்லித் தர்ற அப்பன், இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

ஹரிணி அப்பா சொன்னபடியே எழுதினாள். அவள் எழுதியதிலேயே மகா மோசமான கட்டுரை அது.

"பாருங்க, மரத்துக்கே பெரிய 'ற' போட்டிருக்கா. இவளா 'கதவு' எழுதினா?" ராஜலட்சுமி தாளைத் தூக்கிக் காட்டினார். "இனிமே என் கையில ஒண்ணுமில்ல சார். சனிக்கிழமை நடுவர் வர்றார். நவீன்குமார்னு, புத்தகத்துக்கு ஸ்பான்சர் பண்ற கம்பெனியோட ஹெச்.ஆர். அவர்கிட்டயே பேசிக்குங்க."

அது வெங்கட் வேலை பார்க்கிற கம்பெனிதான். நவீன்குமார் பெயரைக் கேட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நம்ம சாருங்க மேடம்! என்னை நல்லாத் தெரியும் அவருக்கு."

அவன் சொன்னது உண்மைதான். நவீன்குமாருக்கு அவனை நன்றாகத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை அறைக்குள் நுழைந்ததுமே கைகுலுக்கினார். "நம்ம வெங்கட் பொண்ணா? எழுத்து ரத்தத்துலயே இருக்குமே!" என்று கதையைக் கையில் எடுத்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. கடைசிப் பக்கத்தில் சட்டென்று நின்று, சத்தமாகப் படித்தார்.

"'கதவைத் தட்ட ஒரு கை வேண்டும். அதை மெஷினில் விட்டுவிட்டு வராதே.' வெங்கட், இது உங்க ஸ்லோகன் இல்ல?"

பிளான்ட்டின் மெயின் கேட்டில் ஆளுயரப் போர்டில் எழுதியிருக்கிற வாசகம் அது. கீழே வெங்கட்டின் படமும் உண்டு.

"சொன்னேன்ல? மொத்தக் கதையும் இவர் எழுதினதுதான்" என்றார் ராஜலட்சுமி.

ஹரிணி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

வெங்கட் வாயைத் திறந்தான். நவீன்குமாரைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பிறகு மறுபடி திறந்தான்.

"கதை அவ எழுதினதுதான் சார். அந்த வரி மட்டும்... கேட்டாண்ட போர்டுல பாத்திருப்பா. சின்னப் புள்ள, தெரியாம எடுத்துகினா."

"அப்போ காப்பி" என்றார் ராஜலட்சுமி. காப்பி அடித்தவர்களுக்குப் போட்டியில் இடமில்லை. அது விதி. 'கதவு' அந்த நிமிஷமே மூடப்பட்டது. ஹரிணி அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

புத்தகம் 'பேசும் மரம்' என்ற பெயரில் வந்தது. அட்டையில் தாளாளரின் தங்கை மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கதை அவ்வளவு நன்றாக இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விழா மேடையில் நவீன்குமார் வெங்கட்டை அழைத்தார். பெற்ற மகளே ஆனாலும் உண்மையை மறைக்காத தகப்பன் என்று அவனுக்குச் சால்வை போர்த்தினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மேடையிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது வெங்கட்டுக்கு. ஓடவில்லை, போட்டோவுக்கு நின்றான். ஹரிணி விழாவுக்கு வரவில்லை.

அந்த வாரம் அவனுக்கு செகண்ட் ஷிப்ட். எத்தனை மணிக்குப் போய்த் தட்டினாலும் தூங்காமல் காத்திருந்து கதவைத் திறக்கிறவள் ஹரிணிதான். அந்த வாரம் முழுக்க சுஜாதா திறந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கேட்டில் நவீன்குமார் எதிர்ப்பட்டார். போர்டைக் காட்டி, "பாதுகாப்பு வாரம் வருது வெங்கட். இந்த வருஷமும் உங்ககிட்ட இதே மாதிரி ஒண்ணு எதிர்பார்க்கிறேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கூட வந்த கோவிந்தப்பன் அவர் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போர்டிலிருந்த வரியையும் அதற்குக் கீழேயிருந்த வெங்கட்டின் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏன் குரு, இதை உனக்கு எழுதிக் குடுத்ததே அந்தப் புள்ளதான்னு அங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன் குக்கரையா திருப்பிக் கேட்டிருப்பாங்க?"