ஏஞ்சல் மேரியின் பத்து எண்ணிக்கை

“ஏழு... எட்டு... ஒம்பது...”

மகளிர் குழுக் கூட்டத்தில் ஏஞ்சல் மேரி முணுமுணுத்தது, பக்கத்தில் இருந்த காசம்மாளுக்குக் கேட்டுவிட்டது.

“இன்னாத்தடி எண்ணுற?”

எம்.எஸ். என்கிற நரம்பு நோய் வந்ததிலிருந்து ஏஞ்சல் மேரிக்குத் தும்மினால் சிறுநீர் கசியும், சிரித்தாலும் கசியும். வில்லியனூர் பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். சிறுநீரை அடக்குவதுபோல் அடித் தசையை உள்ளே இழுத்து, பத்து எண்ணி, விடவேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. அதனால் வாய்விட்டு எண்ண வேண்டும்.

இதையெல்லாம் கூட்டத்திலா சொல்வது?

“ஜெபம்க்கா.”

“அப்டியா? எனக்கும் சொல்லிக் குடேன்.”

மறுநாள் காலை வாசலில் காசம்மாளோடு நான்கு பெண்கள் நின்றார்கள். அவர்களைத் துரத்த ஏஞ்சல் மேரிக்கு ஒரு வழி தோன்றியது.

“இது கஷ்டமான ஜெபம்க்கா. நாற்காலில நிமிந்து உக்காந்து பத்து எண்ணணும். பத்து தடவ. மூணு வேள.”

அன்று மாலை பன்னிரண்டு பேர் வந்தார்கள், ஆளுக்கொரு நாற்காலியோடு.

கணவன் தனிஸ்லாஸ் அடுப்படிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டான். “இன்னாடி, தனி சபையே ஆரம்பிச்சிட்டியா?”

“சும்மா இருங்க. சிரிக்க வெக்காதீங்க, எனக்கு ஆவாது!”

மூன்றாம் வாரம் பங்குச் சாமியார் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் புது ஜெபத்தை அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

சாமியாரிடமும் பொய்யா? சனிக்கிழமை மாலை வாசலில் நாற்காலிகள் நிறைந்ததும் ஏஞ்சல் மேரி கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

“அக்கா, எல்லாரும் மன்னிச்சிடுங்க. இது ஜெபமே இல்ல. எனக்கு ஒண்ணுக்குக் கசியுது. அதுக்கு டாக்டரம்மா குடுத்த எக்சர்சைஸ். இப்பதான் கொஞ்சம் கொறஞ்சிருக்கு.”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காசம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, நிதானமாகப் “பத்து” என்று முடித்தாள்.

“தெரியும்டி. கூட்டத்துல நீ வுட்டுட்டுப் போன டாக்டரோட எக்சர்சைஸ் சீட்ட அன்னிக்கே படிச்சிட்டோம். எங்களுக்குந்தான் இருமுனா கசியுது, அத எப்படி வாய்விட்டுக் கேக்குறது? ஜெபம்னா கோயிலுக்கே போயிருக்க மாட்டோமா!”