கள்ளிக்குப்பத்தின் நேரம் தவறாத பூகம்பம்

கள்ளிக்குப்பத்தில் பூமி மாலைப் பூசையின்போது மட்டும்தான் ஆடும். முன்னும் ஆடாது, பின்னும் ஆடாது; ஞாயிறு விடுமுறை. இவ்வளவு ஒழுக்கமான பூகம்பத்தைப் பார்க்க ஆவடியிலிருந்தும் மாங்காட்டிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

"ஆட்டுபவன் ஆதிசேஷன், அடக்குபவன் யான்" என்பார் அதிர்வானந்தா சுவாமி. கல்யாண மண்டப மேடையில் கம்பளம் விரித்து உட்காருவார். எதிரே மஞ்சள் நீர்த் தாம்பாளம். பம்பை காதைப் பிளக்கும், நீர் நடுங்கும், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு 'பூமி ஆணி' விற்பனை. சாதாரண இரும்பு ஆணிதான். குங்குமம் மட்டும் கூடுதல். வீட்டு மூலையில் அடித்தால் வீடு ஆடாதாம்.

உள்ளூர் பக்தன் ஹேமநாதனின் வீட்டுக்கு மட்டும் ஆணி பத்தாதாம்.

"உன் ஊடு சேஷன் நடுத்தலை மேல கீது நைனா. சும்மா கெடைக்கிற வெலைக்கு நம்ம சீடன் கைல தள்ளிடு" என்றார் சுவாமி.

தாத்தா காலத்து வயலில் மிச்சமிருந்த ஒரே துண்டில் கட்டிய வீடு. இன்று பூசை முடிந்ததும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. ஹேமநாதனுக்குப் பாம்பைவிட மனைவி கோமளாவிடம்தான் பயம்.

"பாத்திரத்தை எதுக்கு மூட்டை கட்டிக்கினு கீற?"

"நம்ம ஊட்டுக்குக் கீழ பாம்பு கீதாம் கோமளா."

"வாடகை குடுக்குதா அது?"

கோமளா வீட்டிலிருந்த இரண்டு தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குக் கூடவே வந்தாள். நீர் ஊற்றி ஒன்றைக் கூடத்தின் நடுவிலும் மற்றதை வாசலிலும் வைத்தாள்.

பம்பை முழங்கியது. மேடைத் தாம்பாளத்தில் நீர் துள்ளியது. நடுவில் இருந்ததில் லேசான நெளிவு. வாசல் தாம்பாளத்தின் விளிம்பில் ஓர் ஈ நிம்மதியாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தது.

நிஜமான நிலநடுக்கம் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணாது. பூமியின் மேலோடு மாபெரும் பாறைப் பாளங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அவை மெல்ல நகரும்போது விளிம்புகள் சிக்கிக்கொள்ளும், இறுக்கம் ஏறும், தாங்க முடியாத ஒரு நாளில் சடாரென்று வழுக்கும். அந்த உதறல் அலையாகி ஊர் ஊராய்ப் பரவும். ஊருக்கு ஊர் கருவி வைத்து, அலை எங்கே முந்தி வந்தது, எங்கே பிந்தியது என்று ஒப்பிட்டுத்தான் அது கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பாதாளத்திலிருந்து வருகிற அலைக்கு மேடை எது, வாசல் எது?

"இன்னா சாமி, உங்க பாம்பு வாசல் வரைக்கும் வராதா?" என்று கத்தினாள் கோமளா.

"வாசல்ல பக்தி கம்மிம்மா!"

"அப்ப நீங்க இங்க வந்து குந்துங்க. இதுவும் ஆடட்டும்."

"எழுந்தா தவம் கலைஞ்சிடும்!"

மனைவியின் நாக்கு ஹேமநாதனைக் கூசவைத்தது. சுவாமியின் சக்தியை இவளுக்கு இப்போதே காட்டிவிட வேண்டும்! "சாமி, நீங்க எழுந்துக்கவே வாணாம்" என்று பக்தியோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சுவாமியைக் கம்பளத்தோடு தூக்கினான்.

திகைப்பில் பம்பை நின்றது. டகடகவென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. கம்பளம் மூடியிருந்த மேடைப் பலகையின் ஓட்டைக்குள் பழைய வாஷிங் மெஷின் மோட்டார் ஒன்று, ஒரு பக்கம் செங்கல் துண்டு கட்டி, சாமியாடிக்கொண்டிருந்தது. எடை ஒருபக்கமானால் சுழல்வது எதுவும் உதறத்தானே செய்யும்?

ஆதிசேஷனுக்கு வயரும் பிளக்கும் இருந்தன. கோமளா பிடுங்கினாள். பூகம்பம் நின்றது.

ஹேமநாதன் சுவாமியைப் பொத்தென்று போட்டான். பத்திரத்தைக் கிழித்தான்.

"அப்ப இந்த ஆணியை இன்னாக்கா பண்றது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"காலண்டர் மாட்டிக்க."

கண்டங்களே நகம் வளரும் வேகத்திலாவது நகர்கின்றன, ஐயா. நம் மூளையும் கொஞ்சம் நகரட்டுமே!