மூக்கில் ஏறிய பட்டாணி

ஒரு காலத்தில் என் மூக்கைப் பற்றித் திருவண்ணாமலையில் ஒரு தெரு முழுக்கப் பேசியது. பேச வைத்தவன் நானேதான் என்பதால் யார் மீதும் வருத்தமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். தாவரவியல் பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலுத்திருந்தேன். கீழ்பென்னாத்தூரில் மாமாவின் மல்லாட்டை மண்டி (நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) என்னை வா வா என்றது. அதிலிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த தொழில், பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு. பாட்டு, களிமண், ஒட்டுவேலை, காலையில் இரண்டு மணி நேரம்.

அக்கா தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தாள். "ஒரு மாசம் பாப்பேன். ஒப்பேறலன்னா ஒழுங்கா மண்டிக்குப் போய்டணும்" என்றாள்.

முதல் நாள் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். விதைகளை ஒட்டி மயில் செய்வது பாடம். துவரை, உளுந்து, காய்ந்த பட்டாணி என்று தட்டு தட்டாக வைத்திருந்தேன். குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, அதுவே செய்து கண்டுபிடிக்கட்டும் என்பது என் கொள்கை. (கொள்கைக்கு வயது நான்கு நாள்.)

ஒரு சிறுமியின் தலைமுடியில் ஒட்டிய பசையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நான்கரை வயது ஏழுமலை முதுகுப் பக்கம் வந்து நின்றான்.

"சார், பட்டாணி மூக்குல போவுமா?"

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "நீயே செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன், திரும்பாமலே.

சற்று நேரத்தில் வந்தான். "போவுது சார்."

நான் திரும்புவதற்குள் செய்தி பரவி, இன்னும் மூன்று பேர் அதைச் சோதித்து உறுதி செய்திருந்தார்கள். ஈரம் பட்டால் பட்டாணி உப்பும் என்பது தாவரவியல் படித்தவனுக்குத் தெரியாதா?

"இன்னொரு பக்கத்த மூடிக்கிட்டு வேகமா சிந்துங்க!"

விழித்தார்கள். செய்து காட்டினால் புரியும் என்று ஒரு பட்டாணியை என் மூக்கில் வைத்தேன். சிந்துவதற்கு முன் மூச்சை நன்றாக இழுக்க வேண்டுமல்லவா? இழுத்தேன். மூக்கால்.

பிறகு நான் சிந்திய சிந்தலைப் பார்த்து நால்வரும் அப்படியே சிந்த, நான்கு பட்டாணிகளும் மயில் மேல் வந்து விழுந்தன. என்னுடையது வரவில்லை.

காபியோடு வந்த அக்கா, "நீயுமாடா?" என்றாள். டாக்டரிடம் கிளம்பினேன். "எடுக்கறத நாங்களும் பாக்கணும்" என்று ஒன்பது பேரும் அடம் பிடித்ததால், அக்கா அவர்களை வரிசையாகக் கைகோக்க வைத்து நடத்தி வந்தாள். முன்னால் நான், மூக்கைப் பிடித்தபடி. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

டாக்டர் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "மூக்குல பட்டாணி போட்டுக்கினது எந்தக் கொழந்தை?"

ஒன்பது விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

இடுக்கியால் அதை எடுத்துத் தட்டில் போட்டதும் ஒன்பது தலைகளும் குனிந்தன. "ஊறிடுச்சு சார்!" என்றான் ஏழுமலை, மிகுந்த மரியாதையோடு.

மறுநாள் காலை மண்டிக்குக் கிளம்பப் பையைக் கட்டிவிட்டேன். ஏழுமலையின் அம்மா அவனோடு வந்து நின்றார். திட்டு வாங்கத் தயாரானேன்.

"புள்ளைங்க பட்டாணிய மூக்குல போட்டுக்கக் கூடாதுன்னு நீங்களே போட்டுக் காமிச்சீங்களாமே சார்? அந்த மனசு யாருக்கு வரும்!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஏழுமலை உதட்டில் விரல் வைத்து நின்றான். மூடிக்கொண்டேன்.

இரண்டு பிள்ளைகள் மட்டும் வராமல் நின்றுவிட்டார்கள். வகுப்பு பல வருடம் நடந்தது.

கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு, தாலி ஏறிய அன்றைக்கே அக்கா கதையைச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் குருமா வைக்கும் நாளில் சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, பட்டாணி எண்ணித்தான் போட்டிருக்கேன்!"