தோளுக்குப் பின்னால் ஒரு கோல்

சர்வதேச அரங்கில், முதல் ஆட்டத்திலேயே கோல் போடும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது. எந்தப் பக்கத்து வலையில் என்று யாரும் கேட்காதவரை பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து மலேசியப் பெண்கள் ஹேண்ட்பால் குழுவுக்குப் போனவள் நான் ஒருத்திதான். அது என்ன விளையாட்டு என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. (“காலுல வெளையாடுற பந்தக் கையில வெளையாடுறதுக்கு ஜெர்சி வேறயா?” என்றார் கங்காணி.) ஆனாலும் என் முதல் ஆட்டத்தன்று மதியம் தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டி மொத்த லயமும் உட்கார்ந்துவிட்டது. அம்மா முதல் வரிசை, தீபாவளிச் சேலையில்.

கோலாலம்பூரில், தாய்லாந்தோடு ஆட்டம். எங்கள் கோச் மலாய்க்காரப் பெண்மணி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. “இன்றைக்குச் சொதப்பினால் நாளைக்கே உன் மலைக்குப் பிரிஞ்சாங் பஸ் ஏறிவிடு” என்று அன்போடு வாழ்த்தி அனுப்பினார்.

கடைசிச் சில நொடிகள். இரண்டு பக்கமும் சம கோல். டிரா ஆனாலே அரையிறுதி. தாய்லாந்துக்காரி எறிந்த பந்தை எங்கள் கோலி பாய்ந்து தட்டிவிட்டு, ஓர் ஓரமாக விழுந்து கிடந்தாள். தட்டிய பந்து நேராக என் இரண்டு கைகளுக்குள் வந்து உட்கார்ந்தது. முன்னால் எதிரிகள், பின்னால் எங்கள் காலி கோல். நான் செய்ய வேண்டியதெல்லாம் பந்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதுதான். ஒரு மரக்கட்டைகூட அதைச் செய்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெஷின் ஏறாத சரிவுகளில் எங்கள் தோட்டத்தில் இன்றும் கையால்தான் கொழுந்து பறிப்பார்கள். இரண்டு கையும் நிறைந்ததும், திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே வீசினால் முதுகுக் கூடையில் விழ வேண்டும். பள்ளி விடுமுறை முழுக்க அம்மாவோடு எனக்கு அதுதான் வேலை. என் கொழுந்து கூடையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். “ஏ புள்ள, கூடைக்குப் போடுறியா, மண்ணுக்குப் போடுறியா?” என்று கங்காணி கத்தாத நாளில்லை.

கை நிறைந்தது. வீசிவிட்டேன்.

பந்து இரண்டு முறை துள்ளி, எந்த அவசரமும் இல்லாமல் எங்கள் வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தாய்லாந்துக்காரிகளே கொண்டாட வெட்கப்பட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோற்றோம். கோச் என் அருகில் வந்து, “கெனாப்பா?” என்றார். ‘ஏன்?’ என்று அந்த ஒரே சொல்தான். நான் மலாயில் தேயிலை பறிப்பதைப் பற்றி விளக்கினேன். சும்மா இருந்திருக்கலாம்.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதேன். “மானமே போச்சும்மா!”

“அழுவாத லா,” என்றாள் அம்மா. “இத்தன வருசத்துல ஒரு புடி கொழுந்த ஒழுங்கா கூடையில போட்டுருக்கியா நீ? இன்னிக்குத்தான் நேரா விழுந்துருக்கு. கங்காணியே கைத்தட்டிட்டாரு!”

கோச் என்னைப் பஸ் ஏற்றவில்லை. ஒரு மாதம் சுவரில் முதுகை ஒட்டி நின்று பந்து பிடிக்க வைத்தார். அதன்பின் பல வருடங்கள் நாட்டுக்காக ஆடினேன், சரியான வலையிலும் நிறையவே போட்டேன். அதெல்லாம் தோட்டத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. இன்றைக்கும் அந்தச் சரிவில் யாராவது ஒருத்தி தோளுக்கு மேலே ஒரு பிடி கொழுந்தை வீசினால் போதும், “கோல்!” என்று மலையே கத்துகிறது. முதல் குரல் எங்கள் அம்மாவுடையது.