ஒத்திகைக் குடித்தனம்

என் மனைவியை வெளிநாடு போகவிடுவதில்லை என்று ஒரு முடிவெடுத்தேன். எடுத்தபோது அவள் வீட்டில் இல்லை. அவள் இல்லாத நேரத்தில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாமே ரொம்ப உறுதியானவை.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஸ்கூல் என்றால் ஒரு பழைய காரும் நானும். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காரும் என் காலடியில் இன்னொரு பிரேக். யார் எப்படி வளைத்தாலும் நான் விட்டால்தான் வண்டி நகரும். பகலெல்லாம் இப்படி ஒரு வசதியை அனுபவித்துவிட்டு, சாயங்காலம் பிரேக்கே இல்லாத ஒரு வீட்டுக்குத் திரும்புகிற மனுஷன் நான்.

மனைவிக்குப் பெயின்ட் கம்பெனியில் நிறம் கலக்கும் வேலை. யாராவது ஒரு துணித்துண்டை நீட்டி, இதே நிறத்தில் சுவர் வேண்டும் என்றால், அதே நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்துவாள். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை உண்டு என்று தெரிந்தவள். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் பொய் சொல்லிப் பிழைப்பது எவ்வளவு சிரமம் என்பது மற்ற கணவர்களுக்குப் புரியாது.

கம்பெனி இன்னொரு நாட்டில் தொழிற்சாலை திறந்தது. அங்கே வரச்சொல்லி இவளைக் கேட்டிருக்கிறார்கள்.

"வீடு அவங்களே தர்றாங்களாம். புருஷனையும் கூட்டிட்டு வரலாமாம்," என்றாள். பெட்டி படுக்கையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது எனக்கு.

அந்த நாட்டில் சாலையில் எதிர்ப்பக்கமாக ஓட்டுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன், அங்கே போய் யாரிடமோ முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். இங்கே தெருவில் நடந்தால் "மாஸ்டர்" என்பார்கள். அங்கே "பெயின்ட் அம்மாவோட வீட்டுக்காரர்". ஆகவே, மாற்றலுக்கு முன்னால் ஓர் 'ஏ' சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஏமாற்றல்.

எங்கள் மேல் வீட்டில் ஒருவர் இருக்கிறார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் கரையிறங்கிக் கொஞ்ச காலம் குடியிருந்தவர். கப்பல்காரர் என்போம். அவரிடம் போனேன்.

"அண்ணே, நாளைக்கு எங்க வீட்டுக்கு டீ குடிக்க வாங்க. அந்த நாட்டைப் பத்தி என் வீட்டுக்காரிகிட்டே நாலு கெட்ட வார்த்தை சொல்லணும்."

"பொம்பளைங்க முன்னாடி கெட்ட வார்த்தையா?"

"ஐயோ, அது இல்லைண்ணே. அந்த நாட்டுல என்னென்ன கெட்டதுன்னு நாலு வார்த்தை."

"உள்ளதைச் சொல்லவா, இல்லாததையும் சேர்க்கவா?"

"உள்ளதே போதும். கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க."

மறுநாள் வந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அங்கே வீடெல்லாம் ரொம்பச் சின்னதும்மா. உங்க இந்த ஹாலுக்குள்ளே ஒரு குடும்பமே இருக்கும்."

"அப்போ பெருக்கறது சுலபம்," என்றாள் மனைவி.

"சொந்தக்காரங்க நினைச்ச நேரத்துக்கு வந்து நிக்க முடியாது. முன்கூட்டியே கேட்டு, சரின்னு சொன்னாத்தான் வரலாம்."

அவள் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். நான் மேசைக்கு அடியில் கப்பல்காரர் காலை அழுத்தி மிதித்தேன். தொழில் பழக்கம். ஆனால் அவர் நிற்கவில்லை.

"குளிர் வேற. பொழுது சாய்ஞ்சா வெளியே ஒரு ஈ காக்கா இருக்காது."

"இவர் கேரம் விளையாடப் போறேன்னு கிளம்பமாட்டார்."

"வேலைக்கு ஆள் கிடைக்காதும்மா. சமையல், பாத்திரம், துணி எல்லாம் நாமளேதான்."

இங்கே அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். யோசித்தாள். விழுந்துவிட்டாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நாமளேன்னா யாரு?"

"வீட்ல யார் யார் இருக்காங்களோ அவங்க எல்லாரும். ஆம்பளை பொம்பளைன்னு பார்க்கறதில்லை."

"ஏங்க, நல்ல நாடா இருக்கும் போலிருக்கே," என்றாள் என்னைப் பார்த்து.

நாட்டத்தைக் குறைக்கக் கூப்பிட்டேன். அவளுக்கு அந்த நாட்டின் மேல் நாட்டத்தை ஏற்றிவிட்டுப் போனார் மனுஷன்.

ஆனால் நான் அசரவில்லை. கார் ஓட்டுவதை வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது, உட்காரவைத்து ஓட்டவிட வேண்டும். அதே வழி இங்கேயும் செல்லும் என்று தோன்றியது.

"போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அங்கே மாதிரியே இருந்து பார்ப்போமா? அங்கே என்ன வசதியோ அதுதான் இங்கேயும். நமக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுடும்," என்றேன்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான். ஒரு ஒத்திகை."

"நடுவுல பின்வாங்கக் கூடாது."

"யாரு, நானா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் இரக்கம் வருகிறது.

என் எண்ணம் இதுதான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து களைத்து வருகிறவள் சமையல், பாத்திரம், துணி என்று எல்லாவற்றிலும் விழுந்து புரண்டு, ஒரே வாரத்தில் "நமக்கு இந்த ஊரே போதும்" என்று கைகூப்பிவிடுவாள். அக்காவை அந்த ஒரு மாதம் மேல் வீட்டுக்குப் போகச் சொன்னோம். பின் அறையைப் பூட்டினோம். முன்னறையே வீடு.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அவள் வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சமையல் ஆகலையா? அங்கே யார் முதல்ல வீட்டுக்கு வர்றாங்களோ அவங்கதான் சமைக்கணுமாம். மேல் வீட்டு அண்ணன்கிட்டே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

என் வகுப்புகள் நாலு மணிக்கே முடிந்துவிடும். அவள் வருவது இருட்டிய பிறகு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் முதலில் வருகிறவன் நான்தான்.

வெங்காயம் உரித்தேன். கண்ணில் வந்தது முழுக்க வெங்காயத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. காய் கருகியது, சோறு குழைந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "புது நாட்ல முதல் நாள் இப்படித்தான் இருக்கும்," என்று சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

அவளைக் குளிரால் விரட்டலாம் என்று, ஜன்னலை எல்லாம் திறந்து மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டேன். அவள் வீட்டிலிருந்த இரண்டு போர்வையையும் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கினாள். தும்மியது நான்.

துணி துவைத்தபோது அவளுடைய சிவப்புத் துப்பட்டா என் வெள்ளைச் சட்டைகளோடு கூடிக் குலாவிவிட்டது. இதற்காவது கோபம் வரும் என்று சட்டையை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வெறும் ரோஸ் இல்லைங்க. துளி ஆரஞ்சு கலந்திருக்கு. நாங்க எவ்வளவு கலந்தும் இந்த நிறம் வரலை. எப்படிக் கொண்டுவந்தீங்க?"

அந்த நிறத்திலேயே ஸ்கூலுக்குப் போனேன். அப்போது என்னிடம் ஒரு பல் டாக்டரம்மா கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வளைவில் வேகமாகத் திருப்பினார்.

"தீயைக் குறைங்க, தீயைக் குறைங்க," என்று கத்தினேன்.

"தீயா மாஸ்டர்? எங்கே?" என்று அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். பிரேக் என் காலடியிலும் இருந்ததால் இந்தக் கதையை என்னால் சொல்ல முடிகிறது.

இதற்கிடையே ஒரு விபரீதம் நடந்தது. எனக்குச் சமையல் வந்துவிட்டது. உப்பு கை நிதானத்தில் நின்றது. எண்ணெய் காய்ந்ததை வாசனையிலேயே கண்டுபிடித்தேன். ஒருநாள் அவள் வந்ததும் ஆவி பறக்கத் தட்டை வைத்தேன். முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன, காரமா?"

"இல்லைங்க. வேலை முடிஞ்சு வந்து, உட்கார்ந்த இடத்துல சூடா சாப்பிடறேன். அதான்."

இன்னும் கொஞ்சம் போட்டேன். வேண்டாம் என்றாள், அதற்கு மேலும் போட்டேன். அவளைக் களைப்படைய வைக்க வேண்டும் என்ற திட்டம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு ஞாபகம் வந்தபோது பகீரென்றது. ஒத்திகையே இவ்வளவு பிடித்துவிட்டால் நாடகத்தை நடத்தாமலா விடுவாள்?

மாதம் முடிந்தது. அன்று நான் அடுப்பில் வதக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த நாடெல்லாம் நமக்கு வேண்டாம். இங்கேயே, இப்படியே இருந்துடலாம்."

கரண்டியை நான் உயர்த்திய உயரத்துக்கு உலகக் கோப்பையைக்கூட யாரும் உயர்த்தியிருக்க மாட்டார்கள். ஜெயித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் ஜெயம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக மாடி ஏறினேன்.

கப்பல்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்கள் வீட்டு அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, என் திட்டம் பலிச்சுடுச்சு. அவ போகலைன்னு சொல்லிட்டா."

"அது எனக்கு அப்பவே தெரியுமே தம்பி."

"எப்பவே?"

"நீங்க டீ குடிக்கக் கூப்பிட்டீங்களே, அன்னிக்கே. ஒரு பொம்பளை மனசைக் கெடுக்கப் போறோமேன்னு உறுத்துச்சு. நேரா அவங்ககிட்டேயே கேட்டேன், உங்க வீட்டுக்காரர் இப்படிச் சொல்லச் சொல்றார், சொல்லலாமான்னு. தாராளமா வந்து சொல்லுங்க அண்ணே, நான் போகமாட்டேன்னு கம்பெனியிலே சொல்லியாச்சுன்னாங்க."

கரண்டி கீழே இறங்கியது. நானும் இறங்கினேன்.

மனைவி முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"போகப் போறதில்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அங்கே நிறம் கலக்கறதெல்லாம் மெஷினாம். பட்டனை அமுக்கறதுக்கா நான் போகணும்? முடியாதுன்னேன். இங்கேயே தலைமைப் பொறுப்பைக் கொடுத்துட்டாங்க."

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க ஒத்திகைன்னு ஆரம்பிச்சீங்க. அவ்வளவு ஆசையா ஆரம்பிச்சதை நடுவுல கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். போகட்டும். எப்படியோ ஊரை விட்டுப் போகவில்லை. நான் இன்னும் மாஸ்டர்தான். கணக்குப் பார்த்தால் ஜெயம் என் பக்கம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கரண்டியை மேசை மேல் வைத்தேன்.

"சரி, அக்காவை நாளையிலேருந்து வரச்சொல்லிடு."

"அவங்க மேல் வீட்டுலேயே இருந்துக்கறாங்களாம். அண்ணனும் விடமாட்டேங்கறார். நான்தான் சரின்னுட்டேன்."

"அப்போ இங்கே வேலையெல்லாம்? இங்கேயே இருந்துடலாம்னு நீதானே சொன்னே."

பேப்பரை ஒரு பக்கம் புரட்டினாள்.

"இப்படியேன்னும் சொன்னேனே. சாப்பாடு ஆறிடப்போகுது, தட்டை எடுத்து வைங்க."